அதே நிலா தான், அப்பா தான் இல்ல: இயற்கையும் இழப்பும் சேர்ந்து வர்ற பாட்ட எப்படி படிக்கறது

போன வாரம் அக்கா பொண்ணு போன் பண்ணா. காலேஜ் முதல் வருஷம், தமிழ் மேஜர் எல்லாம் இல்ல, எல்லாருக்கும் உள்ள தமிழ் பேப்பர் தான், அதுல ஒரு அசைன்மெண்ட் குடுத்திருக்காங்க, இயற்கை அழகும் சொந்த இழப்பும் சேர்ந்து வர்ற ஒரு பாட்ட எடுத்து ஆராய்ஞ்சு எழுதணுமாம். "சித்தி, நிலா அழகா இருக்குன்னு ஒரு பாரா, அப்பா செத்துட்டாருன்னு ஒரு பாரா, அப்புறம் எதுகை மோனை, அதுக்கு மேல என்னத்த எழுதறது"ன்னு கேட்டா. அவள குத்தம் சொல்ல முடியாது. ஸ்கூல்ல நயம் பாராட்டுகன்னு ஒரு கேள்வி வரும்ல, திரண்ட கருத்து, மையக் கருத்து, எதுகை, மோனை, அணின்னு வரிசையா தலைப்பு போட்டு, எந்தப் பாட்டு குடுத்தாலும் கவிஞர் இயற்கைய மிக அழகா வர்ணிச்சிருக்கார்னு அதே வரிய எழுதி மார்க் வாங்கின கூட்டம் தான நாமளும்.

அவ எடுத்திருந்த பாட்டு புறநானூறு 112. அஞ்சே அஞ்சு வரி. முதல்ல பாட்ட அப்படியே போட்டுடறேன்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

சீர் எண்ணிப் பாத்தா மொத்தம் 19. மூணு குறளுக்கு 21 சீர் வரும், அதவிட ரெண்டு கம்மி. அர்த்தமும் பெருசா கஷ்டம் இல்ல. அந்த மாசம் அந்த வெள்ளை நிலா வெளிச்சத்துல எங்க அப்பா எங்களுக்கு இருந்தாரு, எங்க மலைய யாரும் எடுத்துக்கல, இந்த மாசம் இந்த வெள்ளை நிலா வெளிச்சத்துல, ஜெயிச்சு முரசு அடிக்கற ராஜாக்கள் எங்க மலைய எடுத்துக்கிட்டாங்க, எங்களுக்கு அப்பாவும் இல்ல. அவ்ளோ தான்.

ஒரு சின்ன விஷயம் இங்கயே சொல்லிடறேன். திங்கள்னா நிலாவும் தான், மாசமும் தான், இங்க மாசம்னு எடுத்துக்கணும். நிலவுன்னு வர்றது வானத்துல தொங்கற உருண்டைய விட அது விடற வெளிச்சத்த. அதாவது இவங்க நிலாவ அண்ணாந்து பாத்து பாடல, அந்த வெளிச்சத்துக்குள்ள உக்காந்து பாடறாங்க. முன்னாடி அதே மாதிரி வெளிச்சத்துல அப்பாவும் பக்கத்துல இருந்திருப்பாரு.

பாடினது பாரியோட பொண்ணுங்க. அங்கவை சங்கவைன்னு நாம சொல்ற பேரு பின்னால வந்த கதைகள்ல இருந்து வந்தது, பாட்டுக்கு கீழ பாரி மகளிர்னு மட்டும் தான் இருக்கு. பாரி பறம்பு மலைக்கு தலைவர், இப்ப சிவகங்கை மாவட்டத்துல இருக்கற பிரான்மலை தான் அதுன்னு சொல்வாங்க, சிங்கம்புணரி பக்கம் பஸ்ல போறப்ப எங்கிருந்து பாத்தாலும் கண்ணுல விழும். சேர சோழ பாண்டியர் மூணு பேரும் சேர்ந்து வந்து அந்த மலைய முற்றுகை போட்டாங்க. பாரியோட நண்பரான கபிலர் அவங்களப் பாத்து நக்கலா ஒரு பாட்டு பாடிருக்கார் (புறம் 109), மரத்துக்கு மரம் யானையக் கட்டினாலும் வயலெல்லாம் தேர நிறுத்தினாலும் இத உங்களால பிடிக்க முடியாது, உழவன் உழாமலே இங்க நாலு விளையும், மூங்கில் அரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன், ஆனா யாழ எடுத்துக்கிட்டு ஆடிப் பாடி வந்தீங்கன்னா நாட்டையும் குடுப்பான் மலையையும் குடுப்பான்னு. கடைசில பாரி செத்துட்டார், மலை போயிடுச்சு. அதுக்கு அப்புறம் வர்ற பாட்டு இது.

இந்தக் கதை தெரிஞ்சா தான் பாட்டு புரியுமான்னு கேட்டா, தெரியலனாலும் புரியும், ஆனா தெரிஞ்சா ஒரு இடம் வேற மாதிரி கேக்கும், அத பின்னால சொல்றேன்.

சரி, ஆராயறதுன்னா எங்க ஆரம்பிக்கறது. நான் அவகிட்ட சொன்னது ஒரே ஒரு கேள்வி தான். இந்தப் பாட்டுல எது மாறல?

நாம வழக்கமா எது மாறுச்சுன்னு தான் தேடுவோம், அப்பா செத்தாரு மலை போச்சுன்னு எழுதிட்டு முடிச்சுடுவோம். மாறாதது என்னன்னு ஒரு பென்சில எடுத்து கோடு போட்டுப் பாருங்க. முதல் வரியையும் மூணாவது வரியையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதுங்க. அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின், இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின். ரெண்டு எழுத்து தான் மாறிருக்கு, அ இ ஆகிருக்கு, அவ் இவ் ஆகிருக்கு, அதுவும் ஒரே அ ஒரே இ தான். வெண்ணிலவு அப்படியே இருக்கு, வெள்ளை கூட குறையல. அந்த நிலாவுக்கு இவங்க அப்பா செத்தது தெரியாது.

இத எதுகைன்னு ஒரு தலைப்புக்கு கீழ அற்றை இற்றைன்னு எழுதிட்டுப் போனா அரை மார்க் வரும். ஆனா அந்த எதுகை தான் இந்தப் பாட்டோட மொத்த வேலையும். ஒரு குடும்பமே கவுந்து போனதுக்கு மொழியில கிடைச்ச வித்தியாசம் ஒரு உயிரெழுத்து அளவு தான். எதுகை மோனைய தனியா பிச்சு லிஸ்ட் போடாதீங்க, அது என்ன செய்யுதுன்னு கேளுங்கன்னு நான் சொல்றது இதுக்கு தான்.

அப்ப இயற்கை அழகு இங்க எதுக்கு இருக்கு? ஆறுதல் சொல்ல வரல. நிலா இவங்களோட சேர்ந்து அழவும் இல்ல, மேகத்துல போய் ஒளிஞ்சுக்கவும் இல்ல. அது ஒரு அளவுகோல் மாதிரி நிக்குது. வீட்டு கதவு நிலைல பென்சிலால கோடு போட்டு பிள்ளைங்க உயரத்த குறிப்போம்ல, அந்த நிலை வளராம நின்னா தான் பிள்ளை எவ்ளோ வளந்துச்சுன்னு தெரியும், நிலையும் சேர்ந்து வளந்தா என்னத்த அளக்கறது. அதே மாதிரி நிலா மாறாம இருந்தா தான் ஒரு மாசத்துல இவங்ககிட்ட இருந்து எவ்ளோ போயிருக்குன்னு தெரியுது. நிலா அழகா இருக்கறது தான் இங்க கொடுமை.

இத நான் படிச்சு தெரிஞ்சுக்கல. எங்க அப்பத்தா வீட்டு வாசல்ல ஒரு பவழமல்லி மரம் இருக்கு. அப்பத்தா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மரத்தடியில ஒரு பழைய வேட்டிய விரிச்சுட்டு படுக்கும், விடியக்காலைல பூவெல்லாம் அதுல கொட்டிக் கிடக்கும், நாலு மூலையையும் சேர்த்து தூக்கி சாமி ரூமுக்கு கொண்டு போயிடும், ஒரு பூ மண்ணு படாது. அப்பத்தா போனதுக்கு அப்புறம் வந்த மொத சீசன்ல நான் ஊருக்கு போனப்ப மரம் வழக்கத்த விட அதிகமா பூத்திருந்துச்சு, வேட்டி விரிக்க ஆள் இல்ல, பூவெல்லாம் சிமெண்ட் தரையில ஒட்டி காம்புல இருக்கற ஆரஞ்சு நிறம் மட்டும் கறை கறையா தெரிஞ்சுது. சாவு வீட்டுல அழாத நான் அங்க தான் அழுதேன். மரம் பட்டுப் போயிருந்தா இவ்ளோ வலிச்சிருக்காதுன்னு தோணுச்சு.

பாட்டுக்கு வருவோம். அடுத்து பாக்க வேண்டியது வரிசை. ரெண்டாவது வரில முதல்ல அப்பா அப்புறம் மலை. கடைசி ரெண்டு வரில முதல்ல மலை அப்புறம் அப்பா. திருப்பிப் போட்டிருக்காங்க. நடந்த விஷயத்த சொல்றதுன்னா எந்த வரிசைல வேணா சொல்லலாம், ஆனா பாட்டு எங்க போய் நிக்குதுன்னு பாருங்க, மலை போனதுல நிக்கல, எந்தையும் இலமேன்னு அப்பாகிட்ட வந்து நிக்குது. நாட்ட இழந்த ராஜகுமாரிகளோட பாட்டுன்னு நெனச்சு படிக்க ஆரம்பிச்சா, முடியறப்ப அப்பாவ இழந்த ரெண்டு பொண்ணுங்களோட பாட்டா ஆயிடுது. அந்த இலம்ங்கற சொல்லும் சாதாரணமா விழுந்தது இல்ல, இலம்னா எங்ககிட்ட இல்லன்னு ஒரு அர்த்தம், அதே வேர்ல இருந்து தான் இலம்பாடுன்னு வறுமைக்கு ஒரு பழைய சொல்லும் வருது. அப்பா இல்லாதது தான் இவங்களோட ஏழ்மை.

செத்தாருன்னு ஒரு வார்த்தை பாட்டுல எங்கயாவது இருக்கா? கிடையாது. இருந்தாரு, இல்ல. போர் எப்படி நடந்துச்சு, யாரு கொன்னாங்க, எதுவும் இல்ல. பாரிங்கற பேரு கூட இல்ல. முல்லைக்கு தேர் குடுத்தாருன்னு ஊரே பேசற ஆளு, 300 ஊரையும் கேட்டு வந்தவங்களுக்கே குடுத்து முடிச்சவருன்னு கபிலர் பாடின ஆளு, அவரோட சொந்தப் பொண்ணுங்க பாடறப்ப அந்த பெருமை ஒண்ணு கூட வரல, வெறும் எந்தை. கபிலருக்கு அவர் வள்ளல், இவங்களுக்கு அப்பா. ஒரு பாட்ட ஆராயறப்ப என்ன சொல்லிருக்குன்னு பாக்கற மாதிரியே, சொல்லிருக்க வேண்டியதுல எத விட்டுருக்காங்கன்னும் பாருங்க, இழப்ப பத்தின பாட்டுல பாதி விஷயம் அங்க தான் கிடக்கும்.

இலக்கணம் பிடிக்காதவங்க இந்த ஒரு பத்திய தாண்டிப் போயிடலாம், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது அதனால விட மனசு வரல. உடையேம், கொளார், கொண்டார், இலம், இந்த நாலும் தான் பாட்டுல இருக்கற வினைமுற்று. உடையேம் குறிப்பு வினை, அதுக்குள்ள காலம் வெளிப்படையா இல்ல. கொளார் எதிர்மறை, அதுலயும் காலம் காட்டற உறுப்பு இல்ல. இலம், அதுவும் குறிப்பு தான். நடந்து முடிஞ்சதுன்னு இறந்தகாலம் அடிச்சு சொல்றது கொண்டார் ஒண்ணு மட்டும். உடையேம்ங்கறத பிச்சு எடுத்து தனியா வெச்சா இப்பவும் எங்களுக்கு அப்பா இருக்காருன்னு கூட படிக்கலாம், முன்னாடி இருக்கற அற்றைங்கற ஒரு சொல்லு தான் அத பழசாக்குது. நாலு முற்றுல மூணு அசையாம உக்காந்திருக்கு, எடுத்துக்கிட்டாங்கங்கறது மட்டும் கத்தி மாதிரி உள்ள இறங்குது.

இன்னொண்ணு, எம், யாம். தமிழ்ல நாமன்னா கேக்கறவனும் சேர்த்தி, நாங்கன்னா அவன் வெளிய. இவங்க நம் குன்றுன்னு சொல்லல. படிக்கற நாம எவ்ளோ உருகினாலும் அந்த நிலா வெளிச்சத்துக்கு வெளிய தான் நிக்கறோம்.

முன்னாடி சொன்ன அந்த இடம் இப்ப. வென்றெறி முரசின் வேந்தர். ஜெயிச்சு முரசு அடிக்கற வேந்தர்கள். கேக்க பாராட்டு மாதிரி இருக்கும், ராஜாக்களப் பாடற பாட்டுல எல்லாம் வர்ற வழக்கமான அடைமொழி தான். ஆனா மூணு பேரும் சேர்ந்து வந்தும் நேர்ல ஜெயிக்க முடியாம வஞ்சனையா தான் பாரிய கொன்னாங்கன்னு ஒரு கதை இருக்கு, அத மனசுல வெச்சுக்கிட்டு படிச்சா அந்த வென்றுங்கற சொல்லு எப்படி கேக்குது? புறநானூறோட பழைய உரைகாரரும் இத இகழ்ச்சிக் குறிப்புன்னு தான் சொல்றார். ஒரு திட்டு கூட இல்லாம திட்டிருக்காங்க. பாட்டுல இருக்கற ஒரே அலங்காரம் இது தான், அதுவும் எதிரிக்கு போட்டது, அப்பாவுக்கு ஒண்ணும் போடல, நிலாவுக்கு கூட வெண்மைங்கற ஒண்ணு தான்.

இந்த வகை பாட்டுக்கு கையறுநிலைன்னு பேரு. கை அத்துப் போன நிலை, அதாவது ஒண்ணும் செய்ய முடியாம நிக்கறது. ஒருத்தர் போனப்பறம் மிச்சம் இருக்கறவங்க புலம்பறது. பேர மட்டும் அசைன்மெண்ட்ல எழுதிட்டு விட்டுடாதன்னு அவகிட்ட சொன்னேன், பாட்டுக்குள்ள கை எங்க அத்துப் போச்சுன்னு காட்டணும். இந்தப் பாட்டுல பாடறவங்க செய்யற வேலைன்னு ஒரு வினை கூட இல்ல பாருங்க. ராஜாக்கள் ஜெயிக்கறாங்க, அடிக்கறாங்க, எடுக்கறாங்க. இவங்க இருந்தோம் இல்ல, அவ்ளோ தான்.

எல்லா பாட்டுலயும் இயற்கை இப்படி அளவுகோலா தான் நிக்குமான்னா, இல்ல. அதனால தான் ஒரு பாட்டு படிச்சா பத்தாது, பக்கத்துல இன்னொண்ண வெச்சுப் பாக்கணும். அதே புறநானூறுல 242, குடவாயில் கீரத்தனார் பாடினது, ஒல்லையூர் சாத்தன் செத்ததுக்கு:

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்யாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேற் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே.

பசங்க தலையில வெச்சுக்க மாட்டாங்க, வளையல் போட்ட பொண்ணுங்க பறிக்க மாட்டாங்க, பாணன் யாழோட கொம்பால கொடிய மெதுவா வளைச்சு எடுத்து சூட மாட்டான், பாடினியும் வெச்சுக்க மாட்டா, சாத்தன் செத்ததுக்கு அப்புறம் முல்லையே நீயும் பூத்தியா? இங்கயும் பூ மாறல, வருஷா வருஷம் பூக்கற மாதிரி பூத்திருக்கு. ஆனா பாரி மகளிர் நிலாவ ஒண்ணும் சொல்லல, இவர் பூவக் கூப்பிட்டு கேக்கறார், கிட்டத்தட்ட சண்டைக்கு போறார். எனக்கு பவழமல்லி மேல வந்தது இந்தக் கோவம் தான். இதுல அந்த மெல்லங்கற சொல்ல கவனிங்க, மெல்ல வாங்கி, பூ உதிராம கொடி ஒடியாம மெதுவா வளைச்சு எடுக்கற அந்தக் கை அசைவ முழுசா காட்டிட்டு அப்புறம் சூடான்னு வெட்டறார். நடக்காத ஒண்ண இவ்ளோ அழகா காட்டறது தான் வலி.

மூணாவதா ஒண்ணு, கபிலர் பாடினது, புறம் 118. பறம்பு நாட்டுல ஒரு சின்ன குளம், பாறைக்கும் குன்றுக்கும் நடுவுல, அதோட கரை எட்டாம் நாள் நிலா மாதிரி வளைஞ்சிருக்கும்னு சொல்றார், தெளிஞ்ச தண்ணி. அந்தக் கரை உடையுதாம். பாத்துக்க ஆள் இல்ல. இங்க இயற்கை மாறாம நிக்கல, ஆளு போனதும் அதுவும் உடையுது, ஏன்னா குளம்ங்கறது நிலா மாதிரி தானா இருக்கறது இல்ல, வருஷா வருஷம் யாராவது மண்ணு போட்டு கரைய கட்டணும். அதே நாட்டப் பத்தின ரெண்டு பாட்டு, ரெண்டுலயும் நிலா வருது, ஒண்ணுல தேயாத வெளிச்சமா, இன்னொண்ணுல உடைஞ்சு போற கரையோட வடிவமா.

ஆக இந்த மாதிரி பாட்டு கைக்கு கிடைச்சா, இயற்கை அழகா வர்ணிக்கப்பட்டிருக்குன்னு எழுதறதுக்கு முன்னாடி அந்த நிலாவோ பூவோ குளமோ செத்தவரப் பொறுத்து என்ன பண்ணுதுன்னு கேளுங்க, கண்டுக்காம இருக்கா, பாடறவர கோவப்படுத்துதா, கூடவே உடையுதா, இல்ல இது எதுலயும் சேராம வேற ஏதாவது பண்ணுதா. அது தெரிஞ்சுட்டா அதுகை இதுகை எல்லாம் தானா அதுக்கு பின்னால வரும். நிலா எதுக்கு அடையாளம்னு உடனே அகராதி தேடாதீங்க, நிலா நம்பிக்கைக்கு குறியீடுன்னு அவ ரஃப் நோட்ல எழுதி வெச்சிருந்தா, எங்கயோ நெட்ல பாத்ததாம், அடிச்சுடுன்னு சொன்னேன். இந்தப் பாட்டுல நம்பிக்கை எங்க இருக்கு. புறம் 116ல அந்தப் பொண்ணுங்க குப்பை மேட்டு மேல ஏறி நின்னு ரோட்டுல போற உமணரோட உப்பு வண்டிகள எண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு கபிலர் சொல்றார், முன்னாடி அப்பாவோட மலைல இருந்து படையெடுத்து வந்த ராஜாக்களோட குதிரைய எண்ணின பொண்ணுங்க. நிலா நிலா தான்.

இவ்ளோத்தையும் நான் போன்ல முக்கால் மணி நேரம் பேசினேன், அவ ம் ம்னு கேட்டுக்கிட்டா. ராத்திரி பத்தரைக்கு திரும்ப போன்.

"சித்தி, ரெண்டாவது லைன்ல எம் குன்றும்னு ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கு. நாலாவது லைன்ல எம் மட்டும் கடைசில தொங்குது, குன்றும் அடுத்த லைனுக்கு போயிடுச்சு. ஏன்?"

அது ஒண்ணும் இல்லம்மா, இந்தப் பாட்டு நேரிசை ஆசிரியப்பாங்கற பா வகை, அதுல கடைசிக்கு முந்தின அடி மூணு சீர்ல நிக்கணும், அதனால அங்க வெட்டுதுன்னேன்.

"அந்த ரூல் சரி சித்தி. மூணு சீர்ல நிக்கணும்னா வேந்தரோடயே நிறுத்திருக்கலாம்ல, எம்ம அடுத்த லைனுக்கு தள்ளிட்டு. எங்களோடதுங்கறது ஒரு பக்கம், மலை இன்னொரு பக்கம்னு அவங்களே பிரிச்சு வெச்சுட்டாங்களோ?"

இத்தன வருஷமா மனப்பாடமா தெரிஞ்ச பாட்டு, நான் இத பாத்ததே இல்ல. இரு, பென்சில் எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டு எழுந்து போனேன்.